பழைய மரவேலை இயந்திரங்களின் விலையும் நிலைப்பும்: நாஞ்சில் நாட்டு மரத்தொழிலை முன்வைத்து

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மரத்தொழில் என்றதும் ஆய்வுலகின் நினைவில் எழுவது பத்மநாபபுரம் அரண்மனை. உளியும் இழைப்புளியும் கொண்டு உருவான அக்கலைமரபு பெற்ற கவனத்தில் சிறு பங்குகூட, அதற்குப் பின்வந்த இயந்திர மரவேலைக்குக் கிடைக்கவில்லை. மர அறுவை ஆலைகளில் நின்ற வார்ப்பிரும்பு இயந்திரங்கள் கலைப்பொருளாகவும் எண்ணப்படுவதில்லை, வரலாற்று ஆவணமாகவும் எண்ணப்படுவதில்லை. பயன் தீர்ந்ததும் அவை இரும்பு விலைக்குப் போகின்றன. அத்தகைய இயந்திரத்தின் விலை எதனால் அமைகிறது, அது நீடித்து உழைப்பது எதனால் என்னும் இரு வினாக்களையும் இணைத்தே நோக்க வேண்டியுள்ளது. விலை குறைந்த பொருள் நிலையாதது என்னும் பொதுக் கருத்து இங்குப் பொருந்துவதில்லை.

கைக்கருவிக் காலத்து நிலைப்பு

பத்மநாபபுரம் அரண்மனையின் தொடக்கம் ஏறத்தாழ 1601ஆம் ஆண்டு எனக் கொள்ளப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் அது விரிவுபெற்றது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரமே. 1956 நவம்பர் 1இல் இப்பகுதி தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரள அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பிலேயே உள்ளது. பூமுகத்தின் விதானத்தில் செதுக்கப்பட்டுள்ள 90 மலர் வடிவங்களைக் காண்போர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: அக்கட்டுமானத்தின் உயிர்நாடி செதுக்கலைவிடப் பொருத்திலேயே இருக்கிறது. கழுந்தும் துளையும் கொண்டு இணைந்த உறுப்புகளில் ஒன்று உளுத்துப்போனால் அதனை மட்டும் கழற்றி, அதே அளவில் வேறொன்றைப் பொருத்த இயலும். இரு பருவமழைகளையும் பெறும் இம்மண்ணில் மரம் கெடாமல் இருந்ததனால் அரண்மனை நின்றது என்பதைவிட, கெட்டதை மாற்ற முடிந்ததனால் நின்றது என்பதே பொருந்தும்.

தச்சரின் கருவிகளுக்கும் இதுவே இயல்பு. வாய்ச்சியின் இரும்பைக் கொல்லர் அடித்துத் தந்தார். பிடியைத் தச்சரே செய்துகொண்டார். தேய்ந்த வாயை ஊருக்குள்ளேயே தீட்டவும் தோய்த்து வலுவேற்றவும் முடிந்தது. தேக்கு, ஈட்டி, பலா, அயினி ஆகிய தடிகளை ஈர்வாள் கொண்டு இருவர் அறுத்த காலத்தில், பெருஞ்செலவு கருவிக்கு ஆகவில்லை, கூலிக்கே ஆயிற்று.

இயந்திரத்தின் வருகை

செலவைக் கூலியிலிருந்து கருவிக்கு மாற்றியதே இயந்திரம் செய்த முதல் மாற்றம். இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தம் 1793இல் மரவேலை இயந்திரங்களுக்கான காப்புரிமை பெற்றார். அவர் முன்னெடுத்த போர்ட்ஸ்மத் கப்பல்துறைத் திட்டத்தில் மார்க் புரூனெல் வடிவமைக்க, ஹென்றி மாட்ஸ்லே செய்தளித்த ஏறத்தாழ 45 இயந்திரங்கள் பாய்மரக் கப்பல்களுக்கான கப்பிகளைச் செய்தன. முன்னர் 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். 1808இல் ஆண்டு உற்பத்தி 1,30,000 கப்பிகள் எனப் பதிவாகியுள்ளது. மொத்தச் செலவு சுமார் 54,000 பவுன். ஓராண்டுச் சேமிப்பு ஏறத்தாழ 17,000 பவுன். அதாவது, முதலீடு மூன்றாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மீண்டுவிட்டது. அவ்வியந்திரங்களுள் சிலவோ நூறாண்டுகளுக்கு மேல் இயங்கின.

இதனை முழுவதும் மாட்ஸ்லேயின் கைத்திறனுக்கு உரியதாக்குவது சரியன்று. மரச்சட்டங்களுக்கு மாறாக முழுதும் உலோகத்தாலேயே அவர் அவற்றை அமைத்தது உண்மை. ஆயினும் பாய்மரக் கப்பல்கள் அருகியபின் அவற்றின் வேலைச்சுமையும் குறைந்தது. நீண்ட ஆயுளுக்குக் குறைந்த உழைப்பும் ஒரு காரணமாகக்கூடும். பழைய இயந்திரங்களின் வயதை மட்டும் கூறி அவற்றின் தரத்தை நிறுவ முயல்வோர் இதனைக் கருத வேண்டும்.

பின்னர் ராச்டேலின் ராபின்சன் (1838), லெஸ்டரின் வாட்கின் (1897) முதலிய நிறுவனங்கள் இத்துறையில் புகழ்பெற்றன. இந்தியாவில் 1883இல் அந்தமானின் சாத்தம் தீவில் தொடங்கிய அரசு மர அறுவை ஆலை, 1942இல் குண்டுவீச்சுக்கு இலக்காகிப் பின் சீரமைக்கப்பட்டு இயங்கியது. நாஞ்சில் நாட்டின் நிலை வேறு. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940இல்தான் செயற்படத் தொடங்கியது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல். அதுவரை டன் கணக்கில் எடையுள்ள எவ்வியந்திரமும் சாலை வழியாகவோ நீர்வழியாகவோதான் இங்கு வந்திருக்க இயலும். ஆகவே இயந்திரத்தின் விலையோடு அதனைக் கொண்டுவரும் செலவும் சேர்ந்தது. ஒருமுறை கடைக்காலில் பதித்த இயந்திரத்தைப் பெயர்த்து வேறிடத்துக்கு விற்பது எளிதாக இருந்திருக்காது.

எது நீடித்தது?

பழைய இயந்திரங்களின் வலிமைக்கு வார்ப்பிரும்பின் எடையே பொதுவாகக் காரணமாகக் காட்டப்படுகிறது. எடை அதிர்வை விழுங்குகிறது. அதிர்வு குறைந்தால் இழைப்பு சீராக அமையும். எனினும் எடை மட்டும் ஆயுளைத் தருவதில்லை. தேய்வது சட்டமன்று, சுழலும் தண்டைத் தாங்கும் பகுதியே தேய்கிறது. 1839இல் ஐசக் பாபிட் காப்புரிமை பெற்ற முறையை ஒட்டி, பழைய இயந்திரங்களில் அவ்விடத்தில் வெள்ளீயக் கலவை வார்க்கப்பட்டது. மென்மையான இக்கலவை தான் தேய்ந்து தண்டைக் காக்கும். தேய்ந்தபின் அதனை உருக்கி எடுத்துவிட்டு, தண்டை உரிய இடத்தில் நிறுத்திப் புதுக்கலவையை ஊற்றலாம். அதற்குத் தொழிற்சாலை வேண்டியதில்லை. அடுப்பும் கரண்டியும் தேர்ந்த கையும் போதும். பூமுகத்தின் உறுப்பை மாற்றும் தச்சரின் அறிவுக்கும் இதற்கும் உறவுண்டு. மாறாக, நாள்தோறும் எண்ணெய் இடத் தவறினால் அதே தாங்கி சில மணிநேரத்தில் உருகிவிடும். குண்டுத் தாங்கி அத்தகைய கவனத்தைக் கேட்பதில்லை. ஆனால் அதனை வார்க்க முடியாது, வாங்கத்தான் வேண்டும்.

நீடிப்பு எப்போதும் நன்மையும் அன்று. பழைய இழைப்பு இயந்திரங்களின் சதுர வெட்டுருளை, தனக்கும் மேடைக்கும் நடுவே விரல்களை இழுத்துக்கொள்ளும் இடைவெளியைக் கொண்டிருந்தது. பிரிட்டனின் 1922ஆம் ஆண்டு விதிகள் கையால் பலகையைச் செலுத்தும் இயந்திரங்களுக்கு உருண்டை வடிவ உருளையைக் கட்டாயமாக்கின. உருளையை மாற்றாமல் அப்படியே பிழைத்துவந்த இயந்திரம் தொழிலாளியின் விரல்களைப் பணயம் வைத்தே பிழைத்தது.

மேலும், இன்று காணக்கிடைப்பவை எஞ்சியவை மட்டுமே. மலிவாகச் செய்யப்பட்டு உடைந்தவை எப்போதோ உலைக்குச் சென்றுவிட்டன. அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் பழையன யாவும் உறுதியானவை எனக் கூறுவது பிழையான முடிவு.

விலையை அமைத்த காரணிகள்

பயன்படுத்திய இயந்திரத்தின் அடிமட்ட விலை அதன் இரும்பின் எடை. அதற்குமேல் அது பெறுவது, மும்முனை மின்சாரம், பழைய அங்குல அளவுத் திருகுகளுக்கு ஏற்ற உதிரிகள், பழுதுபார்ப்பவர் ஆகியவை அருகில் கிடைப்பதைப் பொறுத்தது. இவற்றைவிட வலிமையானதொரு காரணி 1996இல் சேர்ந்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் தொடர்பாகத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 2002 அக்டோபரில், நடுவண் அதிகாரக் குழுவின் முன்அனுமதியின்றி எம்மாநிலமும் புதிய அறுவை ஆலைகளை அனுமதிக்கலாகாது என ஆணையிட்டது. 2016இல் நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகள் அப்பொறுப்பை மாநில அளவிலான குழுக்களிடம் அளித்தன. இதன் விளைவாக, உரிமம் உள்ள ஆலையில் நின்ற இயந்திரத்துக்கும் வெளியே கிடந்த அதே இயந்திரத்துக்கும் ஒரே மதிப்பு இருக்க வழியில்லாமற்போயிற்று. விலை இரும்பில் இல்லை, காகிதத்தில் இருந்தது எனலாம்.

மரமும் மாறியது. காட்டுத் தடிக்குத் தடை வந்தபின், மறுநடவுக்காக வெட்டப்படும் ரப்பர் மரம் இம்மாவட்டத்தில் முதன்மை பெற்றது. 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்படும் அதன் தடி பருமனில் சிறியது. பால் பிசின் அறுவைப் பற்களில் படியும். பூச்சியும் பூஞ்சையும் விரைவில் தாக்குவதால் உடனே அறுத்துப் போரான் உப்புகளால் பதப்படுத்தி உலர்த்த வேண்டும். பருத்த காட்டுத் தடிக்கென அமைந்த பேரளவு நாடாரம்பங்களுக்கு இங்கு வேலை குறைவு. உறுதி குன்றாத நிலையிலேயே அவை விலை இழக்கின்றன.

இங்குதான் ஆவணச் சிக்கல் எழுகிறது. ஓர் இயந்திரத்தின் வரலாறு அதன் பெயர்த்தகட்டிலும், வரிசை எண்ணிலும், வார்ப்பில் பதிந்த எழுத்துகளிலும், தட்டைப் பட்டையிலிருந்து தனி மோட்டாருக்கு மாற்றியபோது இட்ட துளைகளிலும் உள்ளது. எங்குச் செய்யப்பட்டது, எத்தனை முறை திருத்தப்பட்டது என்பவற்றை அறிய இவையே சான்றுகள். போர்ட்ஸ்மத் இயந்திரங்கள் சில லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. மூடப்படும் ஆலையொன்றில் இச்சான்றுகளைப் படமெடுத்துப் பதிவுசெய்ய ஒருவருக்கு ஒரு பகல் போதும். ஆனால் அதனை விற்பனைக்கு முன்பே செய்தாக வேண்டும். இரும்பைவிடப் பித்தளைக்கு விலை கூடுதல் என்பதால், எடைக்குப் போகும் இயந்திரத்திலிருந்து முதலில் கழற்றப்படும் வாய்ப்புள்ளது அதன் பெயர்த்தகடே.