கதவைத் தட்டியதால் வந்த வினை

பிலிப்ஸ் என்ற பெயரை அறியாத வீடு நம்மிடையே குறைவு. பல்பு, ரேடியோ, இஸ்திரிப் பெட்டி என்று ஏதாவது ஒன்றின்மேல் அதைப் பார்த்திருப்போம். ஹாலந்தின் தென்பகுதியில், ஐந்தோவன் என்னும் ஊரில், 1891-ஆம் ஆண்டு பல்பு செய்வதற்காகத் தோன்றிய கம்பெனி அது. அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள் 1980-ஐ ஒட்டிய வருஷங்களில், டெலிவிஷன் பெட்டிக்குள் நேர்ந்த ஒரு சங்கடத்துக்கு வழி தேடினார்கள். அவர்கள் கண்ட வழி மிக அழகானது. ஆனால் சுமார் இருபது வருஷம் கழித்து, அதே வழியில் நடந்த சிலரால், டெலிவிஷனுக்குச் சற்றும் சம்பந்தமில்லாத பலருடைய மடிக்கணினிகள் மூச்சடங்கிப் போயின.

சங்கடம் இதுதான். பெட்டிக்குள் எஜமானச் சில்லு ஒன்று. நிலையங்களைப் பிடிக்க ஒரு சில்லு, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு சில்லு, நேற்று எந்த நிலையத்தில் விட்டோம் என்பதை நினைவில் வைக்க இன்னொரு சில்லு என்று அதற்குப் பணியாட்கள் பலர். பழைய வழக்கப்படி, ஒவ்வொரு பணியாளையும் அழைக்கத் தனித்தனியே ஒரு கம்பி இழுக்கவேண்டும். ஆள் கூடக் கூடக் கம்பியும் கூடும், செலவும் கூடும்.

பிலிப்ஸ்காரர்கள் இரண்டே கம்பிகள் போதும் என்றார்கள். ஒன்றில் தாளம், மற்றொன்றில் பேச்சு. எல்லாச் சில்லுகளும் அந்த ஒரே தெருவில் குடியிருக்கும். எஜமானன் தெருவில் நின்று ஓர் எண்ணைக் கூவுவான். எட்டுத் தாளத்தில் எண்ணும் கட்டளையும் முடிய, ஒன்பதாவது தாளத்தில் அந்த எண்ணுக்குரியவன் பேச்சுக் கம்பியைக் கீழே இழுத்துப் பிடிப்பான். "இருக்கிறேன் ஐயா" என்பதற்கு அதுதான் அடையாளம். கம்பி அசையாவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். 1982-இல் வெளிவந்த இந்த ஏற்பாட்டுக்கு ஐ-டூ-சி என்று பெயர்.

எண்ணுக்கு ஒதுக்கியது ஏழு பிட். ஏழு பிட்டில் 128 எண்கள் கிடைக்கும். விசேஷ காரியங்களுக்கென்று 16 எண்களை எடுத்துவிட்டால் மிச்சம் 112. அதாவது 8 முதல் 119 வரை. பெரும்பாலான சில்லுகளில் முதல் நான்கு பிட் பிறப்பிலேயே அமைந்தவை, குலப்பெயர் மாதிரி. கடைசி மூன்று பிட்டைச் சில்லின் மூன்று கால்களை மேலோ கீழோ கட்டி நாமே நிர்ணயிக்கலாம். ஆகவே ஒரே ஜாதிச் சில்லுகள் எட்டு ஒரே தெருவில் வாழலாம். நினைவுச் சில்லுகளின் குலம் 80-இல் தொடங்கி 87-இல் முடியும்.

டெலிவிஷன் பெட்டிக்கு 112 வீடுகள் தாராளம். உலகத்துக்கு எப்படிப் போதும்? எட்டு போதாதென்று பி.சி.எஃப். 8574 என்ற சில்லை, 'ஏ' என்ற எழுத்தொன்றைக் கூடச் சேர்த்து, வேறு குலத்தில் இன்னொரு முறை பெற்றெடுத்தார்கள். ஒன்று 32 முதல் 39 வரை, மற்றது 56 முதல் 63 வரை. டி.எஸ். 1307 என்ற கடிகாரச் சில்லு 104-ஆம் எண்ணில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது; அசைவை அளக்கும் எம்.பி.யு. 6050 பிறந்ததும் அதே எண்ணில். நல்லவேளை, பின்னதற்கு ஒரு காலை உயர்த்திக் கட்டினால் 105-க்குக் குடிபெயரும். அப்படிக் கட்டத் தவறினால் ஒரே அழைப்புக்கு இருவரும் "இருக்கிறேன்" என்பார்கள். ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறி, இரண்டும் கெடும். போதாக்குறைக்கு, எண்ணோடு "எழுது, படி" என்ற கட்டளைப் பிட்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு 80 என்பது 160 ஆகிவிடும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று கதவில் இரண்டு போட்டிருப்பார்களே, அந்தக் கதைதான். இதில் இன்னொரு வேடிக்கை: பிலிப்ஸின் சில்லுப் பிரிவு 2006-இல் என்.எக்ஸ்.பி. என்று தனிக்குடித்தனம் போனது. அந்த வருஷம் முதல் இந்த முறையைக் கையாளக் கட்டணம் கிடையாது. புதிய சில்லுக்கு எண் வாங்கத்தான் கட்டணம். மனை இலவசம், கதவிலக்கத்துக்குக் காசு!

1994-இல் இன்டெல் கம்பெனியும், பாட்டரி விற்கும் டூரசெல் கம்பெனியும் சேர்ந்து இந்த இரட்டைக் கம்பியைச் சிறிது திருத்திக் கணினிகளுக்குள் கொண்டுவந்தன. பாட்டரியில் எவ்வளவு மிச்சம், உள்ளே சூடு எவ்வளவு என்று விசாரிக்க அது உபயோகப்பட்டது. பின்னர் லினக்ஸ் அன்பர்கள் சிலர், தங்கள் கணினியின் சூட்டைத் தாங்களே பார்க்க ஒரு நிரல் எழுதினார்கள். எந்த எண்ணில் எந்தச் சில்லு என்ற பட்டியல் கணினி செய்தவரிடம் இருந்ததே தவிர, இவர்களிடம் இல்லை. என்ன செய்வது? தெருவில் நடந்து கதவு கதவாகத் தட்டினார்கள். எண்ணைக் கூவி, பதில் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடும் வெறுந்தட்டு. அதில் என்ன கெடுதி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஐ.பி.எம். கம்பெனியின் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றில், ஏ.டி. 24 ஆர்.எஃப். 08 என்ற நினைவுச் சில்லு குடியிருந்தது. கணினியின் அடையாளமும் கடவுச்சொல்லும் அதன் வசம். அந்தச் சில்லில் ஒரு பிறவிக் குறை: வெறுந்தட்டுத் தட்டினால் உள்ளே எழுதியிருப்பது சிதைந்துவிடும். 2001-ஐ ஒட்டிய காலத்தில், சூட்டை அறிய ஆசைப்பட்டு நிரலை ஓட்டியவர்கள், மறுமுறை கணினியைத் திறந்தபோது அது எழவில்லை. தான் யார் என்பதே மறந்துபோன யந்திரம் எப்படி எழும்?

நிரல் எழுதியவர்கள் பதறிப்போனார்கள். ஐ.பி.எம். கணினி என்று கண்டால் காரணம் சொல்லி வேலை செய்ய மறுக்கும்படி, லினக்ஸின் ஒரு பகுதியையே திருத்தினார்கள். தட்டும் முறையையும் மாற்றினார்கள். 80 முதல் 95 வரையுள்ள வீடுகளில் வெறுந்தட்டு கூடாது. "ஒரு பைட் கொடு" என்று கேட்கவேண்டும். அப்படியானால் எல்லா வீட்டிலும் அப்படியே கேட்டால் என்ன? அதுவும் ஆகாது. கேட்க மட்டுமே தெரிந்து, பேசத் தெரியாத சில்லுகள் சில உண்டு. முக்கியமாக 105-இல் இருக்கும் சில தாளச் சில்லுகள். அவற்றிடம் பதில் கேட்டால் தெரு முழுவதும் அடைத்துக்கொள்ளும். ஆபத்தில்லாத தட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது.

என்னைக் கேட்டால், சில்லைச் செய்தவர்களைவிட, பட்டியலைத் தம்மோடு வைத்துக்கொண்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். சலவை யந்திரத்துக்கோ லிப்டுக்கோ நிரல் எழுதுகிறவன் இப்படித் தேடி அலைவதில்லை. வரைபடத்தைப் பார்த்து எண்களை நிரலிலேயே எழுதிவிடுகிறான். 2011-க்குப் பிறகு, கைபேசி வகைச் சில்லுகளுக்கான லினக்ஸிலும் இந்தப் பட்டியலைத் தனி ஏடாக எழுதி, யந்திரம் எழும்போதே அதன் கையில் கொடுக்கும் வழக்கம் பரவியது.

2016-ஆம் ஆண்டின் இறுதியில் ஐ-த்ரீ-சி என்ற வாரிசு பிறந்தது. இதில் ஒவ்வொரு சில்லுக்கும் 48 பிட் நீளத்தில் பிறவி அடையாளம் ஒன்று உண்டு. எஜமானன் "யார் யார் இருக்கிறீர்கள்?" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தத்தம் அடையாளத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். கம்பியைக் கீழே இழுப்பவன் குரலே கேட்கும் என்பதால், ஒன்று சொல்பவன் பூஜ்யம் சொல்பவனுக்கு வழிவிட்டு வாயை மூடிக்கொள்வான். கடைசிவரை பேசி முடித்தவனுக்கு எஜமானனே கதவிலக்கம் கொடுப்பான். பிறகு மற்றவர்கள் முறை. பழைய சில்லுகளுக்கும் இந்தத் தெருவில் இடம் உண்டு. அவை எந்தெந்த எண்ணில் இருக்கின்றன என்பதை மட்டும் எஜமானனுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.