புடவைக் கூப்பனில் பிறந்த தொழில்

கொழும்பு கொச்சிக்கடையில் கடை வைத்திருப்பவருக்கு அரசாங்கத் திணைக்களத்திலிருந்து கடுதாசி வந்தால், முதலில் அந்தோனியாருக்கு நேர்ச்சை வைப்பார். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி. அடுத்ததாக ஜம்பட்டா வீதி வழியே ஏறி, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குப் போவார். நடந்தே போகிற தூரம்தான். அங்கே ஒரு சட்டத்தரணி கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே கேட்பார்: “எண்டைக்கு வந்தது? உறையை எறிஞ்சிட்டீங்களா?”

கொலை வழக்குப் பேசுகிறவர், காணி வழக்குப் பேசுகிறவர், உயில் எழுதுகிறவர் எல்லோருக்கும் புதுக்கடையில் நீண்ட பாரம்பரியம் உண்டு. அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்த அதிகாரியை நீதிமன்றத்துக்கு இழுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர் இவர்களில் இளையவர். அவருடைய தொழில் பிறந்த இடம் புடவைக்கடை. அதுவும் தோற்றுப்போன ஒரு வழக்கில்.

பழைய அப்புக்காத்துமாருக்குப் பெருமை அரசாங்கத்தின் பக்கம் நிற்பதில் இருந்தது. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலம் இராமநாதன் 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரல். அதாவது முடிக்குரிய வழக்கறிஞர். திறமைசாலி ஒருவர் எட்டக்கூடிய உயரம் அன்றைக்கு அதுதான். அரசாங்கத்தை எதிர்த்து வழக்காடிச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்திராது.

ஆனால் கருவி இருந்தது. 1889ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் கட்டளைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மாண்டமுஸ், செர்ஷியோராரி, புரோஹிபிஷன் முதலான எழுத்தாணைகளை வழங்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருந்தது. அதிகாரியைக் கடமையைச் செய் என்று பணிக்கலாம், செய்த முடிவை வரவழைத்து உடைக்கலாம், செய்யப்போவதைத் தடுக்கலாம். யார்மீது என்பதற்கு, நீதிபதி, கீழ் நீதிமன்றம், “வேறு ஆள் அல்லது நியாயசபை” என்ற பொருளில் எழுதிவைத்திருந்தார்கள். அந்த “வேறு ஆள்” யார் என்பதில்தான் பிற்பாடு அத்தனை சண்டையும்.

அரசாங்கத்தை மண்கவ்வ வைத்த புகழ்பெற்ற வழக்கு அதற்கு முன்னரே ஒன்று உண்டு. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் மலையகத் தோட்டத்தில் வேலைக்கு வந்து, சமசமாஜக் கட்சி மேடையில் ஏறித் துரைமாரைத் திட்டினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். 1937இல் எச்.வி. பெரேரா வாதாடி, உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு வாங்கிக் கொடுத்தார். ஊரே கொண்டாடியது. ஆனால் அது ஆட்கொணர்வு மனு, ஒரு மனிதனின் உடல் சம்பந்தப்பட்டது. கடைக்காரருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அவருக்குரியதைப் போர் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் இலங்கை முழுக்கக் கட்டுப்பாட்டதிகாரிகள் முளைத்தார்கள். அரிசிக்குப் பங்கீடு, துணிக்குக் கூப்பன். புடவை விற்க லைசென்ஸ் வேண்டும். விற்ற புடவைக்குக் கூப்பன் வாங்க வேண்டும். வாங்கிய கூப்பனைப் பணத்தைப் போலவே வங்கியில் வைப்புச் செய்து கணக்குக் காட்ட வேண்டும். கூப்பன் இருந்தால்தான் அடுத்த சரக்கு. காசு வைத்திருந்தவனைவிடக் கூப்பன் வைத்திருந்தவன் பெரிய முதலாளியாக இருந்த காலம்.

நக்குடா அலி இந்த வலைக்குள் வியாபாரம் செய்த புடவைக்கடைக்காரர். வங்கியில் கட்டிய கூப்பன் சீட்டுகளில் எண்ணிக்கை திருத்தப்பட்டிருக்கிறது, கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று புடவைக் கட்டுப்பாட்டதிகாரி ஜயரத்தின சந்தேகித்தார். விளக்கம் கேட்டு எழுதினார். அலியும் பதில் எழுதினார். அதிகாரி திருப்தியடையவில்லை, லைசென்ஸ் ரத்து. 1945ஆம் ஆண்டுப் புடவைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் 62ஆவது விதி அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருந்தது: ஒரு வியாபாரி தொடர்ந்து வியாபாரம் செய்யத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் அதிகாரிக்கு இருந்தால், லைசென்சை ரத்துச் செய்யலாம்.

கடைக்காரர் செர்ஷியோராரி கேட்டுப் போனார். நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. 1947இல் அப்துல் தாசிம் என்ற வியாபாரியின் வழக்கில், புடவைக் கட்டுப்பாட்டதிகாரியும் இந்த எழுத்தாணைக்கு உட்பட்டவரே என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. இருந்தும் அலியின் மனு தள்ளுபடியானது. மேன்முறையீடு லண்டனுக்கு, பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஒரு புடவைக்கடை லைசென்சுக்காகக் கப்பலேறிய கோப்பு அது.

1950இல் தீர்ப்பை எழுதியவர் ராட்கிளிஃப் பிரபு. மூன்று வருடங்களுக்கு முன் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை வரைந்த அதே ராட்கிளிஃப்தான். இந்தத் தீர்ப்பிலும் ஒரு கோடு போட்டார்.

கோட்டுக்கு ஒரு பக்கம், வியாபாரிக்குச் சாதகம். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை லிவர்சிட்ஜ் வழக்கில், “நியாயமான காரணம் உண்டு” என்று அமைச்சர் நினைத்தாலே போதும் என்று தீர்த்திருந்தது. அட்கின் பிரபு ஒருவர்தான் மறுத்து எழுதியவர். அந்தத் தீர்ப்பைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார் ராட்கிளிஃப். விதியில் நியாயமான காரணம் என்று எழுதியிருந்தால், காரணம் உண்மையிலேயே இருக்க வேண்டும். அதிகாரி நல்லெண்ணத்தோடு நம்பினார் என்பது போதாது.

மறுபக்கம், பாதகம். லைசென்ஸ் என்பது கொடுக்கப்பட்ட சலுகை. அதை எடுக்கிற அதிகாரி யாருடைய உரிமையையும் விசாரித்துத் தீர்க்கவில்லை. நிர்வாக வேலை செய்கிறார். நீதிபதியைப் போல நடக்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை. கடமை இல்லாத இடத்தில் செர்ஷியோராரியும் இல்லை. போதாக்குறைக்கு, இருந்தாலும்கூட அலிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்கப்பட்டது என்றும் சேர்த்துவிட்டார்கள்.

என் கணிப்பில், நம்முடைய சட்டத்தரணியின் தொழில் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில்தான் பிறந்தது. அலி வென்றிருந்தால் அடுத்தவருக்கு வேலை சுலபம். தீர்ப்பைக் காட்டிவிட்டு உட்காரலாம். முற்றாகத் தோற்றிருந்தால் கதவு மூடியிருக்கும். பாதி திறந்த கதவை முழுக்கத் திறக்கத்தான் கெட்டிக்காரர் தேவைப்பட்டார். வர்த்தமானியில் எந்தச் சொல் விழுந்திருக்கிறது, அதிகாரி கடிதத்தில் எந்தச் சொல்லை விட்டுவிட்டார் என்று பார்க்கிற கண் அப்படி வளர்ந்தது.

அலியைத் தோற்கடித்த பாதி நீண்ட நாள் நிற்கவில்லை. 1963இல் இங்கிலாந்தில் ரிட்ஜ் என்ற பொலிஸ் தலைவரின் வழக்கில் ரீட் பிரபு அந்தக் காரணத்தைக் கடுமையாகக் குறை சொன்னார். ஒருவரின் தொழிலைப் பறிக்கிற அதிகாரம் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்கும் கடமையும் கூடவே வரும் என்றார். அந்த வெளிச்சம் இலங்கைக்குத் திரும்பியது யாழ்ப்பாணம் வழியாக. 1966இல் அமைச்சர் யாழ். மாநகர சபையைக் கலைத்தார்; சபையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேயர் அல்பிரட் துரையப்பா வழக்குப் போட்டார். சபையைக் கேட்டிருக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. ஆனால் முறையிட வேண்டியது சபை, மேயர் தனியாளாக வரமுடியாது என்று சொல்லி மேன்முறையீட்டைத் தள்ளியது. கட்சிக்காரர் தோற்க, கொள்கை வென்றது, இரண்டாந்தடவையாக. புதுக்கடையில் சட்டம் இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. கட்டணம் கொடுத்தவருக்கு இதில் ஆறுதல் கிடையாது.

பிறகு லண்டன் போகிற வழி 1971இல் அடைபட்டது. 1972இல் பொருள்கோடல் திருத்தச் சட்டம் அரச அதிகாரிகளுக்கு எதிரான தடையுத்தரவுகளுக்குக் கடிவாளம் போட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு என்று பெர்மிட் யுகம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இது. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அப்புக்காத்தையும் பிரக்கிராசியையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்று பெயர் வைத்தது.

1978 அரசியலமைப்பில் இரண்டு வாசல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. 140ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை மனு, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில். 126இன் கீழ் அடிப்படை உரிமை மனு, நேரே உயர் நீதிமன்றத்தில். ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். கடித உறை இருக்கிறதா என்று கேட்பது இதனால்தான். அதிலுள்ள அஞ்சல் முத்திரை, கடிதத்தின் திகதிக்கும் கைக்குக் கிடைத்த திகதிக்கும் நடுவே நிற்கிற சாட்சி. இன்று இறக்குமதி அனுமதி மறுக்கப்பட்ட பழைய சோனகத் தெரு வியாபாரிக்கு, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிற 12(1)ஐயும் பயன்படுத்தலாம்: பக்கத்துக் கடைக்காரனுக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் கொடுக்கவில்லை? நக்குடா அலிக்கு அந்தக் கேள்வி கேட்க இடமிருக்கவில்லை.

கடிதமே இல்லாத உத்தரவுக்கு என்ன செய்வது? 2007 ஜூன் 7 விடியற்காலை பொலிஸார் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களுக்குள் புகுந்து, தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லையாம். வர்த்தமானி இல்லை, ஒழுங்குவிதி இல்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடிப்படை உரிமை மனுவோடு ஓடியது. மறுநாளே உயர் நீதிமன்றம் மேலும் வெளியேற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. பிடிக்க ஒரு சொல்லும் எழுத்தில் இல்லாத இடத்திலும் மனு நிற்கும் என்று இப்பகுதி மக்கள் கண்ணால் கண்ட நாள் அது. லொட்ஜ் முதலாளிமார் பலர் அதற்குப் பிறகும் பொலிஸ் பதிவுப் படிவங்களைக் கட்டுக்கட்டாகப் பத்திரப்படுத்தினார்கள் என்றால் வியப்பில்லை.

அடுத்தது, செய்யாமல் விட்டதற்கு வழக்கு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. தாக்குதல் வரப்போகிறது என்ற உளவுத் தகவல் முன்கூட்டியே வந்தும் பொறுப்பானவர்கள் பேசாமல் இருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தை, கத்தோலிக்கக் குருமார், சட்டத்தரணிகள் சங்கம் என்று பல மனுதாரர். ஏழு நீதிபதிகள் கேட்டார்கள். அதிகாரி கையெழுத்திட்ட ஓர் உத்தரவும் இங்கே இல்லை. கிடைத்த எச்சரிக்கையை யார் யாருக்கு எப்போது அனுப்பினார், யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதே வழக்கு. 2023 ஜனவரி 12இல் தீர்ப்பு: முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், முன்னாள் பொலிஸ் மாஅதிபர் பூஜித ஜயசுந்தரவும் முன்னாள் அரச புலனாய்வுச் சேவைத் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, முன்னாள் தேசியப் புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸ் ஒரு கோடி. திறைசேரியிலிருந்து எடுக்க முடியாது, சொந்தப் பையிலிருந்து. இழப்பீட்டு அலுவலகத்தின் நிதியத்தில் கட்ட வேண்டும்.

சிறிசேன முதலில் ஒன்றரைக் கோடி கட்டிவிட்டு, மீதியை வருடத் தவணைகளில் கட்ட அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்கு வந்தார்.