பிளவை மறைக்காத கட்டில்

இந்த எபிசோடை எங்க வீட்டுக் கட்டில்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஆயா படுத்திருந்த தேக்குக் கட்டில். போன கோடையில அதோட தலைமாட்டுப் பலகை மேலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துடுச்சு. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மக்கு வச்சு அடைச்சு, மேல பாலிஷ் போட்டுட்டா தெரியாது தம்பி"ன்னார். சரின்னு சொல்ற நேரத்துல, எப்பவோ பார்த்த ஒரு மேசையோட படம் ஞாபகம் வந்தது. அதுலயும் பிளவு இருந்தது. ஆனா யாரும் மறைக்கலை. பிளவுக்குக் குறுக்கே, உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஒரு கருத்த மரத்துண்டைப் பதிச்சிருந்தாங்க.

அந்த மேசையைச் செய்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்கர், ஜப்பானியப் பெற்றோரின் பிள்ளை. 1905இல் பிறந்தவர். படித்தது கட்டடக்கலை; 1931இல் எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் வாங்கினார். பிறகு டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இங்கேதான் கதை நம்ம ஊருக்கு வருது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு ஒரு தங்கும் விடுதி வடிவமைக்கும் பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. கட்டுமானத்தை மேற்பார்வையிட 1937இல் நகாஷிமா புதுச்சேரிக்கு வந்தார். அந்தக் கட்டடம்தான் கோல்கொண்டே. வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் அசையும் பட்டைகள் அதன் சுவர் முழுக்க இருக்கும்.

வேலை பார்க்க வந்த மனிதர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா, அழகில் ஆனந்தம் காண்பவர். அந்த விடுதியின் அறைகளுக்கு வேண்டிய எளிய மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். உலகம் கொண்டாடும் ஒரு மரக்கலைஞரின் ஆரம்ப கால வேலைகள் புதுச்சேரியில் தூங்கி எழுவதற்கான அறைகளுக்காகச் செய்யப்பட்டவை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1939இல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். சியாட்டிலில் சின்னதாக ஒரு மரப்பட்டறை. 1941இல் கல்யாணம். அந்த வருஷக் கடைசியில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. அதற்கப்புறம் நடந்ததை அமெரிக்கா பல வருஷம் பேசத் தயங்கியது. மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலை விட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். நகாஷிமா, மனைவி, பிறந்து சில வாரங்களே ஆன மகள் மிரா, மூவரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஐடஹோ பாலைவெளியில் இருந்த மினிடோகா முகாம்.

முள்வேலிக்குள்ளே அவருக்கு ஒரு குரு கிடைத்தார். கெந்தாரோ ஹிகோகாவா, ஜப்பானிய மரபில் தேர்ந்த தச்சர். எம்.ஐ.டி.யில் படித்தவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிக்க, ரம்பம் இழுக்க, ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் கோக்கக் கற்றுக்கொண்டார். நல்ல மரம் ஏது? கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுகள், பாலைவனப் புதர்க்கட்டைகள், இவைதான். கோணல், முடிச்சு, வெடிப்பு என்று ஒதுக்க வழியில்லை. இருப்பதை வைத்துத்தான் செய்தாகணும்.

1943இல் ரேமண்ட் பொறுப்பேற்றுக்கொண்டதால் குடும்பம் வெளியே வந்தது. பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊர். அங்கேதான் அவர் பெயர் சொல்லும் வேலைகள் பிறந்தன. முக்கியமான மரம் கருப்பு வால்நட். நம்ம ஆசாரிகள் வைரம் என்று சொல்லும் உள்கட்டை அதில் கரும்பழுப்பு. வெள்ளை என்று சொல்லும் வெளிக்கட்டை வெண்ணெய் நிறம். வெள்ளையைச் செதுக்கித் தள்ளுவதுதான் பொதுவான வழக்கம். இவர் மரத்தின் வளைந்த ஓரத்தோடு அதை அப்படியே விட்டார். ஒரே பலகையில் இரண்டு நிறம்.

கோனாய்ட் என்று பெயர் பெற்ற நாற்காலியில் இருக்கை வால்நட், முதுகுக் கம்பிகள் ஹிக்கரி. நிறம் பொருந்துது என்பதற்காக மட்டும் இல்லைங்க. ஹிக்கரி கோடாலிப் பிடிக்குப் போடும் மரம், வளையும், சட்டென்று ஒடியாது. சாயும் முதுகைத் தாங்க அதுதான் சரி. அழகும் பலமும் ஒன்றாகவே வந்து நிற்கும்.

இப்ப அந்த உடுக்கைத் துண்டுக்கு வருவோம். மரம் காயும்போது குறுக்குவாட்டில்தான் அதிகம் சுருங்கும், நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. அதனால்தான் வெடிப்பு ரேகையோடு ஓடுது. பதிக்கும் துண்டின் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே இருக்கணும், இல்லைன்னா இடுப்பிலேயே ஒடிஞ்சிடும். இரண்டு பக்கமும் அகலம் என்பதால் பிளவு மேலும் விரிய விடாது. இது பழைய தச்சு உத்தி, நகாஷிமா கண்டுபிடித்தது இல்லை. மேசைகளிலும் கட்டில் தலைமாட்டுப் பலகைகளிலும், பெரும்பாலும் ஈட்டி போன்ற கருத்த மரத்தில், எல்லார் கண்ணிலும் படுற மாதிரி அவர் வைத்தார்.

முகாமில் அடைத்த அதே நாட்டில், 1973இல் நெல்சன் ராக்ஃபெல்லர் தன் வீட்டுக்கு 200க்கும் மேற்பட்ட சாமான்கள் செய்யச் சொன்னார். நகாஷிமா 1990இல் காலமானார். முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன மிராதான் பட்டறையை எடுத்து நடத்தினார். அமைதிக்காக அப்பா கனவு கண்ட மேசைகளில் ஒன்று இன்று ஆரோவில்லில் இருக்கு. புதுச்சேரிப் பக்கம் போனால் பாருங்க.

முகாம் வாழ்க்கையால்தான் அவர் பெரிய கலைஞர் ஆனார் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. அப்படிச் சொன்னா அநியாயத்துக்கு மக்கு வச்சுப் பூசுற மாதிரி ஆயிடும். நடந்தது பிளவுதான். அதைப் பிளவுன்னே சொல்லணும்.

ஆசாரிகிட்ட போன்ல படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "வேலை ஜாஸ்தி, ரெண்டு நாள் ஆகும்"ன்னார். பட்டறையில கிடந்த ஒரு பழைய ஈட்டித் துண்டை எடுத்து உடுக்கையா செதுக்கிப் பதிச்சார். இப்ப வீட்டுக்கு வர்றவங்க, "கட்டில் உடைஞ்சுதா?"ன்னு கேக்குறாங்க. ஆமா, உடைஞ்சுதுன்னு சொல்றேன்.