கணக்கில் பணம் இருக்கு... ஆனா எடுக்க முடியல! வீட்டில் ஒருவர் ஐசியூவுக்குப் போனால் பணம், சட்டம் இரண்டிலும் என்ன நடக்கும்? - முழு விளக்கம்

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையில், மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்ற காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே நாட்களில் கேமராவில் பெரிதாகச் சிக்காத இன்னொரு கூட்டமும் இருந்தது. கையில் ஆதாரும் பாஸ்புக்கும் வைத்துக்கொண்டு வங்கிக் கவுன்டர் முன் நின்ற குடும்பங்கள். பணமே இல்லாமல் தவித்தவர்கள் ஒரு பக்கம் என்றால், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் தவித்தவர்கள் இன்னொரு பக்கம்.

கொரோனாவுக்காகக் கொண்டுவந்த சலுகைகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. ஆனால் அந்தக் குடும்பங்கள் மாட்டிக்கொண்ட விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. நாளை டெங்குவோ வேறு ஏதாவது தொற்றோ வந்தாலும் இதே கவுன்டர், இதே கேள்விகள்தான். அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நோயாளி ஐசியூவில்... கணக்கை யார் இயக்கலாம்?

கணவர் பெயரில் மட்டும் கணக்கு இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்வரை மனைவிக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது. நாமினியாக இருந்தாலும் கிடையாது. நாமினி என்ற தகுதியே கணக்குதாரர் இறந்த பிறகுதான் உயிர் பெறுகிறது. இது தெரியாமல், "நான்தானே சார் நாமினி, என்கிட்ட கொடுங்க" என்று வங்கியில் சண்டை போட்டவர்கள் ஏராளம்.

ஜாயின்ட் அக்கவுன்ட் என்றால் ஒரு சின்ன வரியைப் பார்க்க வேண்டும். 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் கணக்கு திறந்திருந்தால் பிரச்னை இல்லை, இன்னொருவர் தனியாகவே பணம் எடுக்கலாம். 'இருவரும் சேர்ந்து' என்று இருந்தால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஃபிக்ஸட் டெபாசிட் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல். முதல் முறையில் போட்ட டெபாசிட்டாக இருந்தாலும், இருவரும் உயிரோடு இருக்கும்போது முதிர்வுக்கு முன்பே அதை உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பதுதான் வழக்கம். அவசரச் செலவுக்கு என்று போட்டு வைத்த டெபாசிட் அவசரத்துக்கு உதவாமல் போவது இப்படித்தான்.

சரி, நோயாளிக்கு நினைவு இருக்கிறது, ஆனால் கையெழுத்துப் போட முடியவில்லை. என்ன பண்றது? இதற்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ கைரேகை வைக்கலாம். முடியாவிட்டால் கால் விரல் ரேகைகூடப் போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அதாவது வங்கி அதிகாரி மருத்துவமனைக்கே வரலாம். கொரோனா வார்டுக்குள் யார் போவது என்ற கேள்வியால் அப்போது இது பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் பக்கவாதம், விபத்து போன்ற நேரங்களில் இந்த விதியைச் சொல்லி மேலாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம்.

நினைவே இல்லை என்றால் நீதிமன்றம்தான் வழி. கோமாவில் இருப்பவரின் சொத்தை நிர்வகிக்கத் தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. உயர் நீதிமன்றங்கள் தங்கள் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திப் பாதுகாவலரை நியமிக்கின்றன. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே, கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ மனைவிக்கு அனுமதி கொடுத்தது. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய நிவாரணம்தான். ஆனால் மருத்துவமனை பில் கட்டுவதற்கு ஒரு மனைவி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்கணும்.

ஏடிஎம் கார்டு கையில் இருக்கே, எடுத்துடலாமா?

பின் நம்பர் தெரிந்தால் பலர் செய்வது இதைத்தான். கணக்குதாரர் இறந்த பிறகு அவர் கார்டில் பணம் எடுப்பது விதிப்படி தவறு. எடுத்தது சாவுச் செலவுக்காகவே இருந்தாலும், மற்ற வாரிசுகள் பின்னால் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டி வரும். அவர் கொடுத்து வைத்த பவர் பத்திரமும் இறப்போடு சேர்ந்து காலாவதியாகிவிடும். அதை வைத்து அதன் பிறகு எதையும் விற்க முடியாது.

முதல் வேலை இறப்புச் சான்றிதழ். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடத்தைத் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு என்று வேலை நீளும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும், இனிஷியல் விடுபட்டாலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் திருப்பி அனுப்புவார்கள். ஆதாரில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று வாங்கும்போதே சரிபார்த்துவிடுங்கள்.

நாமினிக்குப் பணம் சொந்தமா?

இங்கேதான் அதிகக் குடும்பங்கள் உடைகின்றன. ஒரு உதாரணம் சொன்னால் புரியும்.

திருமணத்துக்கு முன்பு ஒருவர் 8 லட்சம் ரூபாய் டெபாசிட் போடுகிறார். நாமினி அம்மா. பிறகு கல்யாணம், இரண்டு குழந்தைகள். நாமினியை மாற்றவே இல்லை. அவர் திடீரென இறந்துவிட்டார். வங்கி யாரிடம் பணம் கொடுக்கும்? அம்மாவிடம். வங்கியைப் பொறுத்தவரை அதோடு கடமை முடிந்தது.

ஆனால் அந்தப் பணம் முழுவதும் அம்மாவுக்குச் சொந்தமா? இல்லை. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருக்கும் பொறுப்பாளர்தான். 1983-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்சூரன்ஸ் பணம் தொடர்பாக இதைச் சொன்னது. வங்கி டெபாசிட், பங்குகள் தொடர்பான பிந்தைய தீர்ப்புகளும் இதே நிலைப்பாட்டை எடுத்திருக்கின்றன. உயில் இல்லை, அவர் இந்து என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அம்மா எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு பங்கு. இந்த உதாரணத்தில் நான்கு பேர் இருப்பதால் தலைக்கு 2 லட்சம்.

இதில் பலருக்கும் ஆச்சரியமான ஒரு விஷயம், அப்பா முதல் வகுப்பில் கிடையாது. அம்மாவுக்குப் பங்கு உண்டு, அப்பாவுக்கு இல்லை. மருமகள்கள் மாமியாருக்குப் பங்கே இல்லை என்று நினைப்பதும், மாமியார்கள் நாமினி என்பதால் எல்லாம் தனக்கே என்று நினைப்பதும் இரண்டுமே தவறு. கிறிஸ்தவக் குடும்பங்களில் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இஸ்லாமியச் சட்டத்தில் பங்கு அளவுகள் தனி.

இன்சூரன்ஸில் 2015-க்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாகப் போட்டால் பணத்தின் பலனும் அவருக்கே என்று சட்டத்தில் சேர்த்தார்கள். ஆகவே கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் எடுத்த பாலிசியை மாற்றாமல் விட்டால், மனைவிக்குச் சிக்கல் ஆகலாம்.

பிஎஃப்பில் நேர் எதிர். திருமணத்துக்கு முன்பு போட்ட நாமினேஷன், திருமணம் ஆனதுமே செல்லாது. புதிதாகப் போட வேண்டும். போடவில்லை என்றால் யார் யாருக்குப் பங்கு என்று அலுவலகம் சான்றிதழ்கள் கேட்க ஆரம்பிக்கும். ஒரே மனிதருக்கு வங்கியில் ஒரு விதி, இன்சூரன்ஸில் ஒரு விதி, பிஎஃப்பில் ஒரு விதி. சாமானியர்களுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

நாமினியே இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். தமிழ்நாட்டில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால், விஏஓ, ஆர்ஐ விசாரணைக்குப் பிறகு தாசில்தார் தருவார். பெரிய தொகை, அல்லது வாரிசுகளுக்குள் தகராறு என்றால் சிவில் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தப்பான இடத்தில் அலைந்தவர்கள் உண்டு.

இந்தச் சுற்று எல்லாவற்றையும் குறைப்பது ஒரு உயில். இதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் செல்லும். சொத்து பெறுபவரே சாட்சியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மருத்துவமனையில் எழுதுவதாக இருந்தால் சாட்சிகளில் ஒருவர் டாக்டராக இருந்தால், 'சுயநினைவு இல்லாமல் எழுதினார்' என்ற வாதம் பின்னால் எடுபடாது. இஸ்லாமியர்கள் மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயில் எழுத முடியும்.

கேட்காமல் விட்ட 7 லட்சம்

கொரோனா காலத்தில் பல குடும்பங்கள் வாங்காமலே விட்ட பணம் இது. பிஎஃப் பிடிக்கும் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும், அந்த ஊழியருக்கு இடிஎல்ஐ என்ற இன்சூரன்ஸ் தானாகவே உண்டு. ஊழியர் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், நிறுவனமே கட்டுகிறது. சம்பளப் பட்டியலில் தெரியாது என்பதால் வீட்டுக்கும் தெரியாது. பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தாலும் கிடைக்கும். கொரோனா என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை.

2021 ஏப்ரலில் இதன் உச்சவரம்பை 7 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். கணக்கு இப்படி: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை, அதிகபட்சம் 15,000 என்று வைத்து, 35-ஆல் பெருக்க வேண்டும். அது 5.25 லட்சம். அதோடு பிஎஃப் இருப்பின் சராசரியில் பாதி, அதிகபட்சம் 1.75 லட்சம். மொத்தம் 7 லட்சம். தொடர்ந்து 12 மாதம் வேலை செய்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம்.

இதற்கான படிவம் 5 ஐஎஃப். பிஎஃப் பணத்துக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10 டி. மூன்றும் தனித்தனி. "பிஎஃப் பணம் வந்துடுச்சு, அவ்ளோதான்" என்று முதலாவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஓய்வூதியத் திட்டத்தில் ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியவர் பணியில் இருக்கும்போது இறந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. கம்பெனி மூடிப்போய் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்றால், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, எம்எல்ஏ, வங்கி மேலாளர் போன்றவர்களின் சான்றொப்பமும் ஏற்கப்படும்.

அடுத்து, இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்து மே மாதப் பதிவுகளைப் பாருங்கள். 330 ரூபாய், 2022-க்குப் பிறகு என்றால் 436 ரூபாய் பிடித்திருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 12 அல்லது 20 ரூபாய் என்றால் அது விபத்துக் காப்பீடு, நோயால் இறந்தவர்களுக்கு வராது.

50 ஆயிரம் நிவாரணம் யாருக்குக் கிடைத்தது?

2021 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவால் வந்ததுதான் கொரோனா இறப்புக்கான 50,000 ரூபாய். சான்றிதழில் நிமோனியா, மாரடைப்பு என்று எழுதியிருந்ததால் பல குடும்பங்கள் ஆரம்பத்தில் பயந்தன. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் கொரோனா இறப்பாகவே கருதலாம் என்று வழிகாட்டுதல் வந்தது. சான்றிதழில் கொரோனா என்ற வார்த்தை இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. மாவட்டக் குழுவிடம் பரிசோதனை முடிவு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு காட்டியவர்கள் ஜெயித்தார்கள். அந்தத் துண்டுக் காகிதங்களைத் தூக்கிப் போட்டவர்கள்தான் அலைந்தார்கள்.

கடன் என்ன ஆகும்?

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் இஎம்ஐ கட்டாமல் இருக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அதைத் தள்ளுபடி என்று நினைத்தவர்களுக்குப் பின்னால் அதிர்ச்சி. 8% வட்டியில் 20 லட்சம் வீட்டுக்கடன் என்றால் ஆறு மாத வட்டி மட்டும் சுமார் 80,000 ரூபாய் அசலோடு சேர்ந்தது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது வட்டிக்கு மேல் போட்ட வட்டியை மட்டும்தான். இனி ஒரு நெருக்கடியில் இப்படி அறிவிப்பு வந்தால், கையில் காசு இருப்பவர்கள் தவணையைக் கட்டிவிடுவதே லாபம்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் நீங்கள் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து அப்பாவின் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஜாமீன் கையெழுத்தோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்தோ போட்டிருந்தால் மட்டும் கதை வேறு, முழுப் பொறுப்பும் உங்களுக்கு வரும். வீட்டுக்கடனோடு சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா என்று கடன் ஒப்பந்தத்தை முதலில் பாருங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மிரட்டினால் அழைப்பு விவரங்களோடு முதலில் வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.