கொட்டகையும் ஆய்வுகூடமும்

பெருந்தொழில்கள் தனிமனிதரின் துணிவிலிருந்தே பிறக்கின்றன என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது, 1939 ஆம் ஆண்டில் வில்லியம் ஹியூலெற், டேவிட் பக்கார்ட் என்னும் இருவர் 538 டொலர் முதலுடன் கலிபோர்ணியாவிலே மோட்டார் வண்டிக் கொட்டகையொன்றில் தொடங்கிய நிறுவனமாகும். எனினும், வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு அக்கொட்டகையின் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் நிற்பது புலனாகும்.

அக்காலத்தில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பட்டதாரிகள் பலர் தொழில் தேடிக் கிழக்கு மாநிலங்களுக்குச் சென்றனர். இந்நிலையை மாற்ற முனைந்தவர் பேராசிரியர் பிரெடரிக் ரெர்மன். நியூயோர்க் மாநிலத்திற் பணிபுரிந்த பக்கார்ட்டை, உதவிப்பணம் பெற்றுக்கொடுத்து மீள அழைத்தவர் அவரே. நிறுவனத்தின் முதற் பொருளான ஒலி அலையாக்கியும், அவரது வழிகாட்டலில் ஹியூலெற் நிகழ்த்திய ஆய்வின் பயனேயாம். அதற்கு முன்னரே, 1937 இல், வேரியன் சகோதரர்க்கு ஆய்வுகூட வசதியையும் பொருள்களுக்கென 100 டொலரையும் அப்பல்கலைக்கழகம் அளித்தது. கண்டுபிடிப்பின் வருவாயிற் பங்கு பெறுவதெனவும் உடன்பட்டது. நுண்ணலைகளைப் பிறப்பிக்கும் கிளைஸ்த்ரன் குழாய் அவ்வாண்டிலேயே உருவாகியது.

நிறுவனர் விதித்த நிபந்தனையால் விற்கவியலாத தன் நிலத்தை 1951 முதல் தொழில் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டு, பல்கலைக்கழகம் தொழிற்பூங்காவொன்றையும் அமைத்தது. ஆயின், ஆசிரியரின் அக்கறை மட்டும் இவ்வளர்ச்சியைத் தந்ததெனல் பொருந்தாது. போருக்குப் பின்னர் அமெரிக்கப் படைத்துறை வழங்கிய ஆய்வுப் பணமும் அதன் கொள்வனவுகளும் இலத்திரனியல் தொழிலுக்குப் பெருந்துணையாயின.

எனவே, மாணவரைத் தொழில் முனைவோராகுமாறு அறிவுறுத்தும் பல்கலைக்கழகம், தன்னையே முதலில் வினவுதல் வேண்டும்: கருவிகளும், ஓய்ந்து சிந்திக்கக் காலமும், பொருளைக் கொள்வோரும் அவர்க்கு உளரா? இவையின்றித் துணிவை மட்டும் போதித்தல், தோல்வியின் பொறுப்பை இளைஞர்மீதே சுமத்துவதாக முடியும்.