அப்பா தருவது ஆசீர்வாதமா, அனுமதியா? ஒரு குட்டி வரலாற்று இழை

1/ ஆரணிப் பக்கம் பட்டு நெய்யும் ஒரு ஐயா ஓபிக்கு வந்தார். பிபி 180/110. "மாத்திரை போடறீங்களா?"ன்னு கேட்டேன். "தூக்கமே இல்ல சார். பொண்ணு தானா ஒரு பையனப் பாத்துட்டா. அவனும் வேதக்காரன்தான், ஆனா எங்க ஆளுங்க இல்ல. நான் ஆசீர்வாதம் தரலன்னா சர்ச்சுல கல்யாணம் நடக்காதுல்ல?" (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/ எனக்குப் பதில் தெரியல. தேடிப் படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன்.

3/ நம்ம ஊர்க் கத்தோலிக்க வீடுகள்ல கல்யாணத்தன்னிக்குக் காலையில பொண்ணோ மாப்பிள்ளையோ அப்பா அம்மா முன்னாடி முழந்தாளிடுவாங்க. பெற்றோர் நெற்றியில் சிலுவை வரைவாங்க. அப்புறம்தான் கோயிலுக்குப் புறப்பாடு.

4/ வழக்கத்தின் வேர் பழசு. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள தோபித்து நூலில், இரகுவேல் மகள் சாராவின் கையைப் பிடித்துத் தோபியாவிடம் கொடுத்து ஆசீர்வதிக்கிறார்.

5/ ஆனால் திருமணத்தை ஆக்குவது எது? 866-இல் பல்கேரியர்கள் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் பதில் எழுதினார்: மணமக்கள் இருவரின் சம்மதம் போதும்.

6/ 1563 நவம்பர் 11, திரெந்து பொதுச்சங்கம். பெற்றோர் சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லி பிரான்ஸ் தரப்பு வற்புறுத்தியது. சங்கம் மறுத்தது. அப்படிச் செய்வது திருச்சபைக்குப் பிடிக்காது, ஆனாலும் கல்யாணம் செல்லும் என்றது. பங்குத்தந்தையும் 2 சாட்சிகளும் கட்டாயம், மூணு முறை ஓலை வாசிக்கணும்னு விதித்தது.

7/ பிரான்ஸ் அரசோ 1556-லேயே தனிச் சட்டம் போட்டிருந்தது. 30 வயசுக்குள்ள மகனும் 25 வயசுக்குள்ள மகளும் பெற்றோரை மீறிக் கட்டினால் சொத்துரிமையைப் பறிக்கலாம். அப்பவும் சண்டை சொத்துக்குத்தான்!

8/ நம்ம பக்கத்துக் கதை: 1704, புதுச்சேரி. திருத்தந்தையின் தூதர் தூர்னோன் போட்ட ஆணை, ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கட்டிவைக்கும் கல்யாணத்தைத் தடுத்தது. உரிய வயசு வந்த பிறகு அவங்க சம்மதத்தை விசாரிக்கணும்னு சொன்னது.

9/ இன்றைய திருச்சபைச் சட்டம் (1983) இன்னும் தெளிவு. மணமக்களின் சம்மதத்தை வேறு யாரும் அவங்களுக்காகக் கொடுக்க முடியாது. கடும் அச்சத்தால் 'சரி' சொல்ல வைத்திருந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது. நாட்டுச் சட்டப்படி பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

10/ அடுத்த முறை வந்தப்ப இதையெல்லாம் ஐயாகிட்ட சொன்னேன். முகம் வாடிடுச்சு. "அப்போ என் ஆசீர்வாதத்துக்கு மதிப்பே இல்லையா சார்?"

"சட்டத்துக்கு அது தேவையில்ல ஐயா. உங்க பொண்ணுக்குத் தேவை."

பதில் சொல்லல. மாத்திரைச் சீட்டை மடிச்சு பையில வெச்சுக்கிட்டுப் போயிட்டார்.

11/ கல்யாண வயசுப் பிள்ளை வெச்சிருக்கும் அப்பாக்களே, ஆசீர்வாதத்தை மிரட்டலா மாத்தாதீங்க. முழந்தாளிட்டு நிக்கிற பிள்ளை உங்க அனுமதிக்காக வரல, உங்க கைக்காக வருது. அப்புறம், பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.