டக்கர் காரும் அப்பாவின் தேக்கு மரமும்

போன மாதம் எங்கள் பிராஞ்சுக்கு ஒரு பார்ஸி பெரியவர் வந்தார். கையில் ஒரு ஃபைல். அதற்குள் பழைய அமெரிக்க பிளைமவுத் கார் ஒன்றின் போட்டோக்கள். இன்ஜின் ஓடாது, தரைத் தகடு துருப்பிடித்துப் போயிருக்கிறது, ஒரு பக்கக் கதவே இல்லை. அதை வாங்கிப் பழையபடி ஆக்குவதற்குக் கடன் வேண்டுமாம்!

நான் படித்தது பி.காம். தேய்மானம் என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் கழித்துக்கொண்டே போனால் ஒருநாள் கார் கணக்குப் புத்தகத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இவரோ அந்தப் பூஜ்யத்துக்கு மேல் லட்சங்களைக் கேட்கிறார். எங்கள் விதிப்படி முடியாது என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன். போகும்போது, "டக்கர் கதை தெரியுமா உனக்கு? படித்துப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்ம ஊரில் டக்கர் என்றால் பிரமாதம் என்று அர்த்தம். இது வேறு டக்கர். ஆனாலும் கதை டக்கர்தான் :-)

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியிலிருந்து அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் தயாரிப்பதே நின்றுபோனது. எல்லாத் தொழிற்சாலைகளும் டாங்கி, விமானம் என்று போய்விட்டன. 1945-ல் போர் முடிந்தபோது ஜனங்களிடம் பணம் இருந்தது, கார்தான் இல்லை. பெரிய கம்பெனிகள் 1942 மாடலையே கொஞ்சம் மினுக்கி விற்றன. அப்போதுதான் மிச்சிகன் மாநிலத்துக்காரர் பிரஸ்டன் டக்கர், 'புத்தம் புதுக் கார் நான் தருகிறேன்' என்று கிளம்பினார்.

சிகாகோவில் பி-29 குண்டுவீச்சு விமானத்துக்கு இன்ஜின் செய்த பிரம்மாண்டமான ஆலை சும்மா கிடந்தது. அரசாங்கத்திடமிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்தார். முதலுக்கு என்ன செய்தார் தெரியுமா? கார் ஒன்றுகூட வெளிவருவதற்கு முன்னால் டீலர்களிடம் உரிமைப் பணம் வாங்கினார். 1947-ல் பங்கு ஒன்று 5 டாலர் என்று 2 கோடி டாலருக்குப் பங்கு வெளியிட்டார். சாதாரண ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். அதுவும் போதாமல் 1948-ல் இன்னொரு திட்டம். வரப்போகும் காருக்கான ரேடியோ, சீட் கவர், பெட்டி எல்லாவற்றையும் இப்போதே வாங்கிக்கொண்டால் கார் வரும்போது வரிசையில் முன்னால் இடம். கார் இல்லாமலே சீட் கவர் விற்றவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

இதைப் படித்ததும் எனக்குள் இருக்கும் பேங்க்காரன் முழித்துக்கொண்டான். சரக்கு இல்லை, அட்வான்ஸ் மட்டும் வசூல். இந்த மாதிரி ஃபைல் என் மேஜைக்கு வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனால் கார் நிஜமாகவே நல்ல கார். இன்ஜின் பின்பக்கம். ஹெலிகாப்டருக்குச் செய்த ஃபிராங்க்ளின் இன்ஜினைத் தண்ணீரில் குளிரும்படி மாற்றிப் போட்டார்கள், 166 குதிரைசக்தி. நடுவில் மூன்றாவது ஹெட்லைட், ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும். மோதினால் முன்கண்ணாடி வெளிப்பக்கம் கழன்று விழும், டேஷ்போர்டில் மெத்தை. இதெல்லாம் 1948-ல்! கியர்பாக்ஸுக்கு நேரம் இல்லாமல், பழைய கார்டு கார்களின் கியர்பாக்ஸ்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து மாட்டினார்கள் என்பதும் உண்மை. 1947 ஜூன் 19-ல் முதல் காரைக் காட்டிய அன்று சஸ்பென்ஷன் உடைந்தது, ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால் வந்த கார்களில் ரிவர்ஸ் இருந்தும், 'டக்கர் கார் பின்னால் போகாது' என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

பங்குச் சந்தை ஆணையம் விசாரணை தொடங்கியது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. கடன் கொடுப்பார் இல்லை. 1949 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. மொத்தம் செய்தது 51 கார். மோசடி வழக்குப் போட்டார்கள். 1950 ஜனவரி 22-ல் ஜூரி அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. டக்கர் ஜெயித்தார், ஆனால் கம்பெனி போய்விட்டது. 1956 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 53. அந்த ஆலையின் ஒரு பகுதி பிறகு ஷாப்பிங் மால் ஆனது, இன்னொரு பகுதியில் டூட்ஸி ரோல் மிட்டாய் கம்பெனி வந்தது.

அந்த 51-ல் இன்று மிஞ்சியிருப்பது 47. மற்றவை தீ, விபத்து என்று போய்விட்டன. 2,500 டாலருக்குள் விலை சொன்ன இந்தக் காரில் ஒன்று, 1043-ம் நம்பர், 2012-ல் அரிஸோனா ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் போனது.

எப்படி இந்த விலை? நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் பார்ப்போம் இல்லையா, அதே கதைதான். ஒவ்வொரு டக்கருக்கும் நம்பர் உண்டு. எந்த நம்பர் யாரிடம் இருந்தது, எந்த இன்ஜின் மாற்றப்பட்டது என்று ஆர்வலர் சங்கம் கணக்கு வைத்திருக்கிறது. 1957 ஷெவர்லே மாதிரி லட்சக்கணக்கில் விற்ற காருக்கு இன்றைக்கும் புது உதிரி பாகம் செய்து விற்கிறார்கள். டக்கருக்கு அப்படிக் கிடைக்காது. கதவின் தகடு போனால் தட்டித்தான் செய்ய வேண்டும். அதனால் 'ரிப்பேர் செய்து கொள்ளலாம்' என்று விற்பனைக்கு வரும் பழைய காரை வாங்குகிறவருக்கு ஒரு பேங்க்காரனின் புத்திமதி: வாங்கும் விலை சின்னது, அதற்குப் பிறகு வரும் பில்தான் பெரியது. பல சமயம் செலவு மொத்தமும் கூட்டினால், தயாரான காரின் விலையைத் தாண்டிவிடும்.

விலை ஏறியது சரி. அந்த லாபம் யாருக்கு? 5 டாலர் போட்டவனுக்கு ஒரு காசு வரவில்லை. அவன் பெட்டியில் வைத்திருந்த பங்குப் பத்திரத்தை இன்றைக்குப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். ஹாலிவுட் டைரக்டர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவின் அப்பாவும் அப்படிப் பணம் போட்டு இழந்தவர். மகன் 1988-ல் டக்கரைப் பற்றிப் படமே எடுத்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. 1990-களில் தமிழ்நாட்டில் தேக்கு மரத் திட்டங்கள் ஓடின, உங்களில் பல வீடுகளில் அந்தப் பத்திரம் இருக்கும். இன்று கொஞ்சம் போடு, இருபது வருஷத்தில் மரம் லட்சமாகும். அப்பா ஸ்கூல் வாத்தியார், பி.எஃப். கடன் எடுத்துப் போட்டார். ஆபீஸ் ஒருநாள் பூட்டிக் கிடந்தது. நான் பேங்கில் சேர்ந்த பிறகு, "விசாரிக்காம எப்படிப்பா போட்டீங்க?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "தொழில் நொடிச்சிருக்கும்டா. ஏமாத்தணும்னு நெனச்சிருக்க மாட்டாங்க."

ரிசர்வ் வங்கியும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. வேண்டுமென்றே கட்டாதவர் வேறு, நொடித்துப் போனவர் வேறு. மனசுக்குள் என்ன இருந்தது என்று எந்த ஆடிட்டரும் பார்க்க முடியாது. ஆனால் பணம் எங்கே போனது என்று பார்க்கலாம். டக்கர் வாங்கிய பணத்தின் முடிவில் ஓடுகிற கார்கள் நின்றன. பணம் போட்டவனுக்கு இரண்டும் நஷ்டம்தான், ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவுக்கு இந்தக் கதை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த அம்பத்தோரு காரும் நெசமாவே ஓடுச்சாடா?"

"சிலது கடைசி நேரத்துல ஆளுங்க கூடி முடிச்சது. ஆனா ஓடுச்சுப்பா. இன்னைக்கும் ஓடுது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தேக்கு நட்டதாகச் சொன்ன இடத்தை நானும் அவரும் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறோம். அங்கே நின்றது முழுக்க சீமைக் கருவேலம்.

"அப்ப அவன் வேற ஆளுடா" என்றார் அப்பா.